துணியில் சுற்றி வந்த பொட்டலம்

1975 கிறிஸ்துமஸ் நாளன்று சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஓட்டல் வரவேற்பறையில் இரண்டு விஞ்ஞானிகள் சந்தித்தார்கள். ஜப்பானிலிருந்து வந்திருந்த தகாஜி மியாகே, பட்டுத் துணியில் அழகாகச் சுற்றிய ஒரு பொட்டலத்தை யூஜின் கோல்ட்வாசரிடம் ஒப்படைத்தார். உள்ளே இருந்தது உலர்ந்த சிறுநீர். கடுமையான ஒருவகை ரத்தசோகையால் அவதிப்பட்ட நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சேகரித்து, வற்றவைத்துக் கொண்டுவந்திருந்தார் மியாகே. உலகின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயம் ஒருநாள் நடுரோட்டில் உட்காரப் போவதற்கு அந்தப் பொட்டலம்தான் பிள்ளையார் சுழி என்று அன்று யாருக்குத் தெரியும்?

கோல்ட்வாசருக்கு அது இருபது வருடத் தேடல். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, அதைக் கண்டதும் எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது என்பது தெரிந்திருந்தது. எரித்ரோபொயட்டின், சுருக்கமாக இபிஓ. பெயர் இருந்ததே தவிர, யாரும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பார்த்ததில்லை. சில மாதங்களில் முடித்துவிடலாம் என்று 1955இல் கிளம்பிய கோல்ட்வாசர், ரத்தசோகை பிடித்த ஆடுகளின் ரத்தத்தில் வருடக்கணக்காகத் தேடிக் களைத்திருந்தார். மியாகேயின் பொட்டலம் வந்த பிறகுதான் வழி பிறந்தது. 1977இல் சுத்தமான இபிஓ கையில் கிடைத்தது. அத்தனை லிட்டரிலிருந்தும் தேறியது சுமார் 8 மில்லிகிராம்!

அந்தத் துளியை வைத்துக்கொண்டு ஆம்ஜென் நிறுவனத்தின் ஃபூ குவென் லின் 1983இல் இபிஓவின் மரபணுவைக் கண்டுபிடித்தார். அந்த மரபணுவைச் சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களுக்குள் செலுத்த, அவை மனித ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கின. இந்த வெள்ளெலி பின்னால் முக்கியமான சாட்சியாக வரும். 1989இல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதுவரை அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டு உயிரைப் பிடித்துவைத்திருந்த டயாலிசிஸ் நோயாளிகள் எழுந்து நடமாடினார்கள். நியாயமாக, கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால், ரத்தம் இல்லாதவனை எழுப்பி நடக்கவைக்கும் மருந்து, ரத்தம் நிறைந்தவனை என்ன செய்யும் என்று வேறு சிலர் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

அவர்கள் ஐரோப்பிய சைக்கிள் பந்தய உலகைச் சேர்ந்தவர்கள். டூர் டி பிரான்ஸ் மூன்று வாரப் போட்டி. ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளையெல்லாம் ஏறி இறங்கி, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் மிதிக்க வேண்டும். ஊக்கமருந்து அங்கே புதிதல்ல. 1967இல் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் மோன் வாந்து மலையேற்றத்தில் சுருண்டு விழுந்து இறந்தபோது, அவருடைய சட்டைப்பையில் ஆம்ஃபிட்டமின் குப்பிகள் இருந்தன. 1978இல் மிஷெல் போலன்டியே என்ற பெல்ஜிய வீரர் ஆல்ப் துவே சிகரத்தில் ஜெயித்து, முன்னணி வீரருக்கான மஞ்சள் ஜெர்சியைப் பிடித்தார். அன்று மாலையே, அக்குளில் ரப்பர் பையும் அதிலிருந்து இறங்கும் குழாயுமாக, வேறு யாருடைய சிறுநீரையோ கொடுக்க முயன்றபோது பிடிபட்டார். பழைய மருந்துகள் களைப்பை மறக்கடித்தன, அவ்வளவுதான். இபிஓ அப்படியில்லை. தசைக்குப் போகும் ஆக்சிஜனையே கூட்டியது. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் ஹார்மோன் என்பதால், அதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை எதுவும் அப்போது உலகத்தில் இல்லை.

1997இல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஒரு குறுக்குவழியைக் கையில் எடுத்தது. மருந்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன, ரத்தத்தின் அடர்த்தியை அளந்துவிடலாமே! ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால், உடல்நலம் கருதி 15 நாள் பந்தயத்துக்குத் தடை. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். நடந்ததோ நேர்மாறு. 50 என்பது தாண்டக்கூடாத எல்லை என்பது போய், தொட்டுவிட வேண்டிய இலக்காகிவிட்டது. ஓட்டல் அறைகளில் சிறிய சுழற்சி எந்திரங்கள் முளைத்தன. மெல்லிய கண்ணாடிக் குழாயில் சொட்டு ரத்தத்தை எடுத்துச் சுழலவிட்டு, சிவப்பணு எவ்வளவு படிகிறது என்று அளந்து பார்ப்பார்கள். எண் கூடிப்போனால் உப்புநீர் ஏற்றி நீர்க்கச் செய்வார்கள். எல்லாம் கச்சிதமாக ஓடிக்கொண்டிருந்தது, 1998 ஜூலை 8 வரை.

அன்று காலை பெல்ஜியத்திலிருந்து பிரான்சுக்குள் ஒரு சின்னச் சாலை வழியாக நுழைந்த காரைச் சுங்க அதிகாரிகள் மறித்தார்கள். ஓட்டி வந்தவர் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோயே. வண்டிக்குள் நூற்றுக்கணக்கில் இபிஓவும் மற்ற மருந்துகளும் இருந்தன. டூர் தொடங்க மூன்றே நாள். ஃபெஸ்டினா அணி போட்டியின் நடுவே வெளியேற்றப்பட்டது. போலீஸ் மற்ற அணிகளின் அறைகளையும் சோதனைபோட, கொதித்துப்போன வீரர்கள் நடுரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். கிளம்பிய 189 பேரில் பாரிஸ் போய்ச் சேர்ந்தது 96 பேர். என்னைக் கேட்டால், இதில் உண்மையான அவமானம் வேறு. இத்தனை பெரிய மோசடியைப் பிடித்தது சுங்கத் துறையும் போலீசும். ஆய்வகம் ஒரே ஒருவரைக்கூட இபிஓவுக்காகப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு மஞ்சள் ஜெர்சியை வென்று போட்டியின் மானத்தைக் காப்பாற்றியவராகக் கொண்டாடப்பட்ட இத்தாலிய வீரர் மார்கோ பந்தானிக்கு அடுத்த அடி காத்திருந்தது.

1999 ஜூன் 5. ஜீரோ தி இத்தாலியா பந்தயம் முடிய இரண்டே நாள். மடோனா தி காம்பிலியோ என்ற மலையூரில், முன்னணியில் இருந்த பந்தானிக்குக் காலையில் ரத்தம் எடுத்தார்கள். அளவு 52. ஜெயித்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்த பந்தயத்திலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை, குற்றமற்றவர் என்றும் ஆகவில்லை. 52 என்ற ஓர் எண் எதையும் முடிவாகச் சொல்லவில்லை, சந்தேகத்தை மட்டும் வாழ்நாள் முழுக்க ஒட்டவைத்தது. பந்தானி அதிலிருந்து மீளவே இல்லை. 2004 பிப்ரவரியில் ரிமினி நகர ஓட்டல் அறை ஒன்றில் 34 வயதில் இறந்துகிடந்தார். இதற்கிடையே பாரிஸ் அருகே ஓர் ஆய்வகத்தில் வெள்ளெலி சாட்சி சொல்லத் தொடங்கியிருந்தது.

ஷாத்தனே மலாப்ரி ஆய்வகத்தின் பிரான்சுவாஸ் லானுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வெள்ளெலிச் செல் தயாரிக்கும் இபிஓவும் மனித உடம்பு தயாரிக்கும் இபிஓவும் ஒரே புரதம்தான், ஆனால் அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் வேறு. அதனால் மின்னேற்றமும் வேறு. ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால் இரண்டும் வெவ்வேறு இடத்தில் கோடுகளாக நிற்கும். 2000இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்ததும் இபிஓ காலம் முடிந்தது என்றே உலகம் நம்பியது. நம்பிக்கை அதிக நாள் நீடிக்கவில்லை. ராத்திரியில் மிகச் சிறிய அளவை நேராக நரம்பில் ஏற்றினால், விடிவதற்குள் தடயம் மறைந்துவிடுவதை வீரர்கள் கற்றுக்கொண்டார்கள். இன்னும் சிலர் தங்கள் ரத்தத்தையே எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மலைக் கட்டங்களுக்கு முன் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். சொந்த ரத்தத்தில் எந்த ஆய்வகம் எந்தக் கோட்டைத் தேடும்?

2006 மே மாதம் மாட்ரிட்டில் யூஃபெமியானோ ஃபுயன்தஸ் என்ற மருத்துவரின் இடங்களை ஸ்பெயின் போலீஸ் சோதனையிட்டபோது, சங்கேதப் பெயர் ஒட்டிய ரத்தப் பைகள் கிடைத்தன. வீரர்களின் செல்ல நாய்ப் பெயர்கள்கூட அதில் இருந்தன. அந்த ஆண்டு டூர் தொடங்குவதற்கு முந்தைய நாள் யான் உல்ரிஷ், இவான் பாசோ உள்ளிட்ட நட்சத்திரங்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் அமெரிக்காவின் ஃப்ளாய்ட் லாண்டிஸ் ஒருநாள் மலையில் சுத்தமாகப் படுத்துவிட்டு, மறுநாளே தனியாகப் பிய்த்துக்கொண்டு போய் மோர்ஸினில் ஜெயித்தார். பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். போட்டி முடிந்து ஒரு வாரத்துக்குள் அவர் மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் விவகாரம் வெடித்தது. சாலையோரம் மணிக்கணக்கில் வெயிலில் நின்று கைதட்டிய ரசிகனுக்குச் செய்த இதைவிடப் பெரிய துரோகம் எனக்குத் தெரிந்து விளையாட்டில் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு, யாரையும் மாட்டிவிட நினைக்காத ஒரு பாராட்டு வார்த்தை இன்னொரு மஞ்சள் ஜெர்சியை வீழ்த்தியது.

2007 டூரில் டென்மார்க்கின் மைக்கேல் ராஸ்முசென் முன்னணியில் இருந்தார். பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் மெக்சிகோவில் இருந்ததாகச் சொல்லியிருந்தார். முன்னாள் வீரரும் இத்தாலிய டிவி வர்ணனையாளருமான டாவிடே கசானியோ, ஜூன் மாதம் டோலமைட் மலைகளில் கொட்டும் மழையிலும் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்த ராஸ்முசெனைப் பார்த்ததாக மெச்சிப் பேசிவிட்டார். இத்தாலியில் இருந்தவர் ஏன் மெக்சிகோ என்று சொன்னார்? பரிசோதகர்கள் தேடி வந்துவிடக்கூடாது என்றுதான். ஓபிஸ்க் மலையில் கட்டத்தை ஜெயித்த அன்று இரவே அவருடைய அணியே அவரை வெளியேற்றியது. அந்த மஞ்சள் ஜெர்சி போனதும் சைக்கிள் சங்கத்துக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. சில வருடங்களாக ஆய்வுக் கட்டுரைகளில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு யோசனையைத் தட்டி எழுப்பினார்கள்.

மருந்தைத் தேடாதே, உடம்பு காட்டும் மாற்றத்தைத் தேடு என்பதுதான் அந்த யோசனை. ஆஸ்திரேலியாவில் ராபின் பாரிசொட்டோ உள்ளிட்டவர்கள் இந்தப் பாதையைத் திறந்திருந்தார்கள். வெளியிலிருந்து ரத்தம் ஏற்றினால் மஜ்ஜை வேலையைக் குறைத்துவிடும், புதிதாகப் பிறக்கும் இளம் சிவப்பணுக்கள் சரிந்துவிடும். இபிஓ போட்டால் அதே இளம் அணுக்கள் எகிறும். இத்தாலியின் மாரியோ கட்சோலா போன்ற ரத்த நிபுணர்கள் அடுத்த படிக்குப் போனார்கள்: ஒருவரை ஊர் சராசரியோடு ஒப்பிடாமல் அவரோடேயே ஒப்பிட வேண்டும். பந்தானி காலத்து 50 என்ற பொதுக்கோட்டின் ஓட்டை இங்கேதான் அடைபட்டது. சுவிட்சர்லாந்தின் லோசானில் பியேர் எத்வார் சொட்டாஸ் அதற்குக் கணிதம் அமைத்தார். 2008 ஜனவரியில் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

வீரர் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பிறகு ரத்தம் எடுக்கப்படும். குளிர்பெட்டியில் ஆய்வகம் போகும். அளவுகள் ஒரு வரைபடத்தில் புள்ளியாக விழும். புள்ளிகளை இணைத்து ஒரு கோடு, அதன் மேலும் கீழும் இரண்டு எல்லைக் கோடுகள். ஒவ்வொரு மாதிரிக்கும் எல்லைகள் அந்த ஒரு மனிதருக்கென்றே நெருங்கி வரும். கோடு எல்லையைத் தாண்டினால் மூன்று நிபுணர்கள் பார்ப்பார்கள், பெயர் தெரியாமல், எண்ணை மட்டும் வைத்து. அட்டையும் முத்திரையும் இல்லாத இந்த வரைபடம்தான் இன்று விளையாட்டுச் செய்திகளில் வெகு சாதாரணமாக அடிபடும் உயிரியல் பாஸ்போர்ட்.

2009 டூரில் மலை அரசனுக்கான புள்ளிச் சட்டையை வென்ற ஃபிராங்கோ பெலிட்சோத்தி இதில் சிக்கினார். ஒரு மருந்துகூடப் பிடிபடாத நிலையில், 2011 மார்ச்சில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டுத் தடை விதித்தது. வரைபடமே சாட்சியாக நிற்கும் என்று அன்று உறுதியானது. பெரிய வழக்கு அதற்கடுத்து வந்தது. ஏழு முறை டூரை வென்று, ஓய்விலிருந்து திரும்பிய லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், தன்னை நிரூபிக்க 2009இல் தன் ரத்த அளவுகளைத் தானே வெளியிட்டவர். மூன்று வாரம் மிதித்தால் எந்த வீரருக்கும் ரத்த அடர்த்தி இறங்க வேண்டும். அந்த ஆண்டு ஜீரோவில் அவருக்கு இறங்கியது, டூரிலோ இறங்கவில்லை. இளம் அணுக்கள் மட்டும் அடிமட்டத்தில் கிடந்தன. இயற்கையாக இப்படி நேர வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்ற நிபுணர் கருத்து, 2012இல் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் அறிக்கையில் இடம்பெற்றது. சக வீரர்களின் வாக்குமூலங்களும் சேர, அவருடைய ஏழு டூர் பட்டங்களும் பறிபோயின.

பாஸ்போர்ட் எல்லோரையும் பிடித்துவிடுவதில்லை. எல்லைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக மருந்து போடுபவர் தப்பலாம். பாஸ்போர்ட்டை வைத்துச் செக் வீரர் ரோமன் க்ரோய்ட்சிகர் மீது தொடுத்த வழக்கு 2015இல் கைவிடப்பட்டது. ஆனாலும், 2008க்குப் பிறகு வீரர்களின் ரத்தத்தில் இளம் அணுக்கள் தாறுமாறாகக் கூடிக்குறைவது வெகுவாகக் குறைந்தது. சாலையோர ரசிகனின் சந்தேகத்துக்குக் கிடைத்த முதல் நேர்மையான பதில் இதுதான் என்பேன். 2014 முதல் ஸ்டீராய்டுகளுக்கும் தனிப் பிரிவு சேர்ந்தது. சைக்கிள் பந்தயத்தில் முளைத்த பாஸ்போர்ட் இப்போது தடகளம், பனிச்சறுக்கு, நீச்சல் வீரர்களுக்கும் திறக்கப்படுகிறது.