கத்தி கைமாறிய கதை

1975 ஜூன் 25 அன்று மொசாம்பிக் விடுதலை பெற்றது. போர்ச்சுக்கலுக்குத் திரும்பிப் போன கூட்டத்தில் டாக்டர்களும் இருந்தார்கள். ஐந்நூறு பேர் அளவில் இருந்த மருத்துவர்களில் நூறு பேர்கூட மிஞ்சவில்லை. நாட்டில் வாழ்ந்தவர்களோ ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். அறுவைச் சிகிச்சை தெரிந்தவர்கள் தலைநகரையும் ஒருசில பெரிய ஊர்களையும் தாண்டி இல்லை.

முதல் குடியரசுத் தலைவர் சமோரா மச்செல், விடுதலைப் போரில் சேருமுன் தலைநகர் ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸாக வேலை பார்த்தவர். பதவியேற்ற ஒரு மாதத்துக்குள் அவருடைய அரசு, மருத்துவத் துறையை நாட்டுடைமை ஆக்கியது. ஆனால் கட்டடத்தை அரசுடைமை ஆக்கலாம், கைத்திறனை ஆக்க முடியாதே. 1977-ல் உள்நாட்டுப் போரும் மூண்டது. சாலைகளில் கண்ணிவெடி, கிராமத்து மருத்துவ நிலையங்களுக்குத் தீ. மாவட்டத்தில் முடியாத கேஸைப் பெரிய ஊருக்கு அனுப்பும் வழியும் அடைபட்டது.

அப்படி அடைபட்டால் என்ன ஆகும்? பிள்ளையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டுவிட்டு வந்த வலி இப்போது விடாமல் வருகிறது. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி இழுபட்டு மெலிகிறது. ஒரு கட்டத்தில் கிழிகிறது. கிழிந்தபின் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகிறது, பிள்ளை பிழைப்பது அபூர்வம், தாயும் சில மணி நேரத்தில் போய்விடலாம். அதற்கு முன்னால் யாராவது வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். அந்த ‘யாராவது’ டாக்டராகத்தான் இருக்கவேண்டுமா என்பதே மொசாம்பிக்கின் முன் நின்ற கேள்வி.

அப்போதைய சுகாதார அமைச்சர் பாஸ்குவால் மொக்கும்பி ஒரு மகப்பேறு மருத்துவர். பின்னாளில் பிரதமரும் ஆனார். அவரோடு தலைநகர் மபூத்தோவின் மத்திய மருத்துவமனையைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பெர்னாண்டோ வாஸ், ஸ்வீடனிலிருந்து வந்து பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் ஸ்டாஃபான் பெரிஸ்ட்ரோம் போன்றவர்களும் இருந்தார்கள். 1984-ல் புதிய பயிற்சி தொடங்கியது. முடித்தவர்களுக்கு ‘தெக்னிக்கோ த சிருர்ஜியா’ என்று பெயர். டாக்டர் பட்டம் இல்லாமலே பெரிய அறுவைகளைச் செய்யப் பயின்றவர்கள் இவர்கள்.

பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்தவர்களை இதில் சேர்க்கவில்லை. மருத்துவ உதவியாளராகவோ நர்ஸாகவோ ஏற்கெனவே வேலை பார்த்துப் பழகியவர்களையே எடுத்தார்கள். மூச்சுத் திணறும் நோயாளியையும் பிரசவ அறையின் ரத்தத்தையும் பார்த்து மிரளாதவர்கள். இரண்டு ஆண்டுகள் மபூத்தோவில் பயிற்சி. மூன்றாம் ஆண்டு ஒரு மாகாண மருத்துவமனையில், நிபுணரின் கண்பார்வையில்.

அறுவைக் கலையை எந்த நாட்டிலும் ஒரே வரிசையில்தான் கற்றுத் தருகிறார்கள். முதலில், வெட்டிய இடத்தை விரித்துவைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். பிறகு தோலைத் தைக்கலாம். அது கைவந்தால் வயிற்றை மூடலாம், அதற்கும் பிறகு திறக்கலாம். எதிர்ப்பக்கம் மூத்தவர் நிற்பார். கை தடுமாறினால் அவர் கை வரும். இந்தப் பயிற்சியும் அதே வழியில்தான் போனது. சுருக்கியது பாடத்தின் அகலத்தை மட்டுமே. சிசேரியன், கிழிந்த கர்ப்பப்பை, இறுக்கிக்கொண்ட குடலிறக்கம், குடல் அடைப்பு, எலும்பு முறிவு, போர்க்காயம் என்று மாவட்ட ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவது எதுவோ அதற்கே பயிற்சி. குறைவான அறுவைகள், ஆனால் திரும்பத் திரும்ப. எதைத் தொடக்கூடாது என்று அறிவதும் பாடத்தில் சேர்த்தி.

டாக்டர்களுக்குச் சந்தேகம் இருந்தது. ஏழைகளுக்கு இரண்டாம் தரச் சிகிச்சையா என்ற கேள்வியில் நியாயமும் உண்டு. பதில் சொல்லக் கணக்கு வேண்டும். 1996-ல் அது வெளியானது. மபூத்தோ மத்திய மருத்துவமனையில் நடந்த 2,071 சிசேரியன்களை எடுத்துக்கொண்டார்கள். 958 தெக்னிக்கோக்கள் செய்தவை, 1,113 நிபுணர்கள் செய்தவை. தாய்க்கும் பிள்ளைக்கும் நேர்ந்தவற்றை ஒப்பிட்டபோது, மேல்தோல் தையல் பிரிந்துபோவதில் சிறு வித்தியாசம் தவிரக் குறிப்பிடும்படியாக ஒன்றுமில்லை. தலைநகர ஆஸ்பத்திரியின் வசதிகளுக்கு நடுவே எடுத்த கணக்கு இது என்பதையும் மறக்கக்கூடாது. ரத்த வங்கியும் நிபுணரும் பக்கத்தில் இல்லாத ஊரில் அதே கை அதே பலனைத் தரும் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது.

மாவட்டங்களின் கதையை 2007-ல் வந்த ஆய்வு சொன்னது. 2002-ல் கிராமப்புற மாவட்ட ஆஸ்பத்திரிகளில் நடந்த பெரிய மகப்பேறு அறுவைகளில் 92 சதவீதத்தைச் செய்தவர்கள் தெக்னிக்கோக்கள். அங்கே பணியமர்த்தப்பட்டவர்களில், படிப்பை முடித்து ஏழு ஆண்டுகள் கழித்தும் 88 சதவீதம் பேர் மாவட்டத்திலேயே இருந்தார்கள். அதே ஆண்டுகளில் படிப்பை முடித்து மாவட்டத்துக்குப் போன டாக்டர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. செலவும் குறைவு: ஓர் அறுவைக்குத் தெக்னிக்கோவால் ஆவது சுமார் 39 டாலர், நிபுணரால் ஆவது சுமார் 144 டாலர் என்று அதே ஆண்டில் இன்னொரு ஆய்வு கணக்குப் போட்டது.

பயிற்சியின் தரத்தைத் தேர்வு மண்டபத்தில் மட்டும் அளந்தால் இந்த எண்களின் பொருள் விளங்காது. எவ்வளவு கெட்டிக்காரரை உருவாக்கினாலும், நோயாளி கிடக்கும் இடத்தில் அவர் இல்லையென்றால் அந்தப் பயிற்சி பாதியில் நின்ற பயிற்சிதான். யாரைச் சேர்ப்பது, எங்கே அனுப்புவது என்பதையும் பாடத்திட்டத்தின் பகுதியாக எண்ணியதுதான் மொசாம்பிக் செய்த காரியம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டார்கள். ராத்திரி பகலாகக் கத்தி பிடித்தவருக்குச் சம்பளமும் பதவி உயர்வும் உதவியாளர் நிலையிலேயே நின்றன. மேற்படிப்புக்கு வழி இல்லை. அந்த மனக்குறை முற்றிய பிறகே இந்தப் பயிற்சி பட்டப்படிப்பாக உயர்த்தப்பட்டது. எத்தியோப்பியா 2009-ல் அவசர அறுவைக்கும் மகப்பேற்றுக்கும் இதே போன்ற அதிகாரிகளைப் பயிற்றத் தொடங்கியபோது, அதை எடுத்த எடுப்பிலேயே முதுநிலைப் பட்டமாக வைத்தது.