துலூஸ் நகரத்துத் தீர்ப்பு

1761-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் இரவு, பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியிலுள்ள துலூஸ் நகரில், ஜான் கலாஸ் என்னும் துணி வியாபாரியின் மூத்த குமாரன் மார்க் அந்துவான், வீட்டின் கீழ்த்தளத்துக் கடையில் பிணமாகக் காணப்பட்டான். தற்கொலை செய்துகொண்டவனின் சடலத்தைத் தெருவழியே இழுத்துச் சென்று அவமதிப்பது அக்காலத்து வழக்கமாகையால், அக்கதிக்கு மகனை ஆளாக்க மனமின்றி, யாரோ கொன்றுவிட்டதாகவே குடும்பத்தார் முதலில் உரைத்தனர். தூக்கில் தொங்கக் கண்டோம் என்று பின்னர் சொன்னபோது அதை நம்புவாரில்லை. புத்திர வாத்சல்யத்தினால் பிறந்த அந்த ஒரு பொய்யே தகப்பனாரின் உயிருக்கு உலையாயிற்று.

கலாஸ் புராட்டஸ்டண்டு, ஊரோ கத்தோலிக்கர்களின் ஊர். மதம் மாற எண்ணிய மகனைப் பெற்றோரே மாய்த்தனர் என்ற வதந்தி பரவ, இறந்தவன் தியாகியாகப் போற்றப்பட்டுக் கத்தோலிக்கச் சடங்குகளோடு அடக்கம் செய்யப்பட்டான். 1762 மார்ச் 9-இல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மறுநாள், அறுபது பிராயம் கடந்த அந்தக் கிழவரைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்தனர். கடைசி மூச்சுவரை தாம் நிரபராதி என்றே அவர் சொன்னார். பின்னர் நீதிபதிகள், அன்றிரவு அவரோடு ஒரே வீட்டிலிருந்த மனைவியையும் பணிப்பெண்ணையும் விடுவித்து, மற்றொரு மகனை நாடு கடத்தினர். திடகாத்திரமான இளைஞனைத் தள்ளாத முதியவர் தனியொருவராகத் தூக்கிலிட்டார் என்பதே இதனால் அவர்கள் ஒப்புக்கொண்ட கதை. இதைவிடப் பெரிய அபத்தத்தை எந்த நியாயஸ்தலமும் தன் கையாலேயே எழுதிவைத்திருக்குமா?

இந்த அபத்தத்தை ஐரோப்பா முழுவதும் அறியும்படி செய்தவர் வால்டேர். மந்திரிகளுக்கும் பிரபுக்களுக்கும் ஓயாமல் கடிதம் எழுதியும், வக்கீல்களை அமர்த்தியும், சகிப்புத்தன்மை குறித்து 1763-இல் தனி நூலே வெளியிட்டும் அவர் போராடியதன் பயனாக, அரசரின் ஆலோசனை சபை 1764 ஜூனில் துலூஸ் தீர்ப்பை ரத்து செய்தது. ஆயினும் மறு விசாரணைக்கு முன்பு, சட்டத்தின் சம்பிரதாயப்படி, விதவையும் மற்றவர்களும் பாரிஸ் சிறைச்சாலையில் மீண்டும் தாமாகவே கைதிகளாக வேண்டியிருந்தது. குற்றமற்றவர் என்று சொல்லப்படுவதற்காகச் சிறைக்குள் நுழைந்த அத்தாயின் மனத்துயரம் என் நெஞ்சை இன்றும் வருத்துகிறது.

1765 மார்ச் 9-ஆம் நாள், தண்டனை விதிக்கப்பட்டு மூன்று வருஷம் நிறைந்த அதே தினத்தில், கலாஸும் அவர் குடும்பத்தாரும் நிரபராதிகள் என்று நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். அரசர் பதினைந்தாம் லூயி 36,000 லிவர் அளித்தார். மகளைக் கொன்றதாக அதே பிரதேசத்தில் பழி சுமத்தப்பட்டு ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பியோடிய சிர்வென் குடும்பத்தாரோ 1771 வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்களை விடுதலை செய்ததும் துலூஸ் நீதிமன்றமே. அந்த வரலாற்றை அடுத்த வாரம் காண்போம்.