சகோதர உணர்வும் எல்லைக் கோடும்

நாடாள்வோர் அயல்நாட்டுக் கொள்கையை வகுக்கும்போது அறிவைத் துணைக்கொள்கின்றனர்; அதனை மக்களுக்கு எடுத்துரைக்கும்போது உணர்ச்சியைத் துணைக்கழைக்கின்றனர். உடன்படிக்கையின் ஷரத்துகளைப் படிப்பவர் சிலரே. கோஷமோ எல்லோர் நெஞ்சிலும் பதிந்துவிடுகிறது. ஆயின், தலைவர் எழுப்பிவிட்ட உணர்ச்சி என்றும் அவருடைய சொல்லுக்கு அடங்கி நிற்குமா? நம் நாட்டு வரலாறே இதற்கு விடை கூறும்.

1954 ஏப்ரல் 29-ஆம் நாள், திபெத்துடன் நடைபெறும் வாணிகம் பற்றி இந்தியாவும் சீனமும் உடன்படிக்கை செய்துகொண்டன. பஞ்சசீலம் எனப் புகழ்பெற்ற ஐந்து கொள்கைகள் அதன் முகப்புரையில் இடம்பெற்றன. அவ்வாண்டு ஜூனில் சீனப் பிரதமர் சூ என்லாய் தில்லிக்கு வந்தார். அக்டோபரில் நேரு சீனம் சென்றார். "இந்தி-சீனி பாய் பாய்" என்ற முழக்கம் நாடெங்கும் ஒலித்தது. அன்னியர் ஆதிக்கத்தால் நலிந்த இரு பழம்பெரும் நாடுகள் மீண்டும் தலைநிமிர்ந்தன என்ற பெருமிதம் அதிலே இருந்தது. அப்பெருமிதம் பொய்யன்று. ஆனால், வணிகரும் யாத்திரிகரும் செல்லுதற்குரிய கணவாய்களைப் பெயர் சுட்டிக் கூறிய அவ்வுடன்படிக்கை, எல்லைக் கோடு எது என்பதை வரையறுக்கவில்லை.

வடநாட்டில் வாழும் நமக்குப் 'பாய்' என்ற சொல் புதிதன்று. காய்கறி விற்பவரையும் நாம் அவ்வாறே அழைக்கிறோம். அழைத்த பின்னரும் தராசில் நிறுத்துத்தான் வாங்குகிறோம். அன்பு அளவைக்குப் பகையன்று. 1954-இல் அன்பு முழங்கியது. அளவை பின்னுக்குத் தள்ளப்பட்டது.

1959 மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்தார். ஆகஸ்டில் லாங்ஜூவிலும், அக்டோபரில் கொங்கா கணவாயருகிலும் துப்பாக்கி வெடித்தது. அக்சாய்ச்சின் பகுதியில் சீனர் சாலை அமைத்திருந்ததை நாட்டு மக்கள் அவ்வாண்டில்தான் அறிந்தனர். அயலாரோடு நேர்ந்த வழக்கென்றால் பேசித் தீர்க்க முற்பட்டிருப்பர். உடன்பிறந்தவன் செய்த துரோகம் என்று எண்ணியபடியால் மனம் கொதித்தது. 1960 ஏப்ரலில் சூ என்லாய் மீண்டும் தில்லிக்கு வந்தபோது, விட்டுக்கொடுப்பது பற்றிய பேச்சே நாட்டைக் காட்டிக்கொடுப்பதாகப் பலருக்குத் தோன்றியது. பேச்சு முறிந்தது.

1962 அக்டோபர் 20-ஆம் நாள் போர் மூண்டது. நாமே படைத்துக்கொண்ட செயற்கைச் சூழலில் வாழ்ந்துவிட்டோம் என்ற கருத்துப்பட நேருவே அந்நாட்களில் கூறினார். நவம்பர் 14-இல், இந்தியாவின் புனித மண்ணிலிருந்து ஆக்கிரமிப்பாளரை அகற்றுவோம் என லோக்சபை உறுதிபூண்டது. அவ்வுணர்ச்சி நாட்டை ஒன்றுபடுத்தியது. பொதுமக்கள் பொன்னும் பொருளும் வழங்கினர். ஆயினும், மண்ணைப் புனிதம் என்று போற்றிய பின், அதன் எல்லையைப் பற்றிப் பேரம் பேச எத்தலைவருக்குத்தான் துணிவு வரும்? சகோதர உணர்வு எல்லையை மறைத்தது. புனித உணர்வு அதைப் பற்றிய பேச்சை அரிதாக்கியது.

1993-இல் இரு நாடுகளும் எல்லையில் அமைதி காப்பதற்கென மற்றோர் உடன்படிக்கை செய்தன. அதன் வாசகம் வறண்டது. அதனை எவரும் கோஷமாக்கவில்லை. எனினும், 2020-இல் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர் 20 பேர் உயிர்நீத்த நாள் வரை, எல்லையில் பெரும் பூசல் எழாமல் காக்க அது துணைநின்றது.

உணர்ச்சியற்ற நாடு தன்னைக் காத்துக்கொள்ளாது. ஆனால், தலைவர் ஒருவர் அயல்நாட்டைச் சகோதரன் என்றோ பகைவன் என்றோ முழங்கும்போது, கைதட்டுமுன் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: கோடு எங்கே வரையப்பட்டிருக்கிறது?