நோயும் குறிப்பேடும்

நான் வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். தலைக்கோட்டைப் போர் 1565-இல் நிகழ்ந்தது என்பதும், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த நாள் 1806 ஜூலை 10 என்பதும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் நாவில் வரும். ஆனால், ஒரு நாள் மருத்துவர் ஒருவர் கேட்ட மூன்று எளிய வினாக்களுக்கு என்னால் விடை கூற இயலவில்லை. "உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது என்றைக்கு? இதற்கு முன் என்னென்ன மருந்து கொடுத்தீர்கள்? எந்த மருந்தாவது அவருக்கு ஒவ்வாமற் போனதுண்டா?" இவையே அவ்வினாக்கள். முதல் வினாவுக்கு, "நாலைந்து நாளாக இருக்கலாம்" என்றேன். இரண்டாவதற்கு, "ஏதோ வெள்ளை மாத்திரை" என்றேன். மூன்றாவதற்குச் சற்றும் தயங்காமல், "இல்லை" என்றேன். அந்த "இல்லை" தவறாயிற்று.

அம்மாவுக்கு ஊசி போடப்பட்டது. சிறிது நேரத்திற்கெல்லாம் உடலெங்கும் தடிப்புகள் தோன்றின, முகம் வீங்கிற்று, மூச்சுவிடத் திணறினார். மருத்துவரும் செவிலியரும் விரைந்து மாற்று மருந்து கொடுத்தமையால் உயிர் பிழைத்தார். அன்று மாலைப் பேருந்தில் வந்திறங்கிய என் தமக்கையார், செய்தியைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "பென்சிலினா போட்டார்கள்? எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோதே அது அம்மாவுக்கு ஆகாது என்று எங்கள் ஊர் டாக்டர் சொன்னாரே, தம்பி!" என்றார். உண்மை எங்கள் குடும்பத்தில் இருக்கத்தான் இருந்தது. வேண்டிய வேளையில் வேண்டிய இடத்தில் அது இல்லை. கேட்க வேண்டியதை மருத்துவர் கேட்டார். விடை கூற வேண்டிய நானே தவறினேன்.

நோயாளி கூறும் செய்திகளுக்கு மருத்துவ நூலோர் "வரலாறு" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னரே அறிந்தேன். மன்னர்களின் வரலாற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் தேடுகிற நான், என் அன்னையின் உடல் வரலாற்றுக்கு ஒரு தாள்கூட வைத்திருக்கவில்லை. நோயை எழுதி வைக்கும் பழக்கம் எங்கே தோன்றியது, எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்று அதன் பின்னர்த் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் சிலவற்றை மாணவர்களாகிய உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

பழைய கிரேக்க நாட்டில் ஹிப்பாக்ரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் பல உள்ளன. அவற்றுள் "எபிடெமிக்ஸ்" என்பதன் முதற் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் 42 நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் காணப்படுகின்றன. முதல் நாள் காய்ச்சல் எப்படி இருந்தது, மூன்றாம் நாள் உறக்கம் வந்ததா, ஆறாம் நாள் கைகால்கள் குளிர்ந்தனவா என்று நாள்வாரியாக எழுதப்பட்டவை அவை. அந்த 42 பேரில் 25 பேர் இறந்துவிட்டனர் என்பது வியப்புக்குரியது. தம் வெற்றிகளை மட்டும் எழுதிப் புகழ் தேட எண்ணாமல், தோல்விகளையும் மறையாமல் எழுதி வைத்தார் அந்த மருத்துவர். பின்வருவோர் கற்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். எனினும் அங்கே எழுதியவர் மருத்துவர், எழுதப்பட்டவர் நோயாளி. மருத்துவர் கண்ட பொழுதுகளே குறிப்பில் ஏறின. அவர் காணாத பொழுதுகள் மறைந்தொழிந்தன.

பல நூற்றாண்டுகள் கழிந்தபின், இத்தாலியில் பாதுவா நகரப் பல்கலைக் கழகத்தில் சாந்தோரியோ என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். 1561-இல் பிறந்த அவர் ஒரு புதுமை செய்தார். பெரிய துலாக்கோல் ஒன்றிலிருந்து நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் தாமே அமர்ந்து தம்மை நிறுத்துக்கொண்டார். உண்பதையும் பருகுவதையும் நிறுத்தார். உடலிலிருந்து கழிவதையும் நிறுத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்வாறு செய்தார் என்று கூறுவர். ஒரு நாளில் 8 பவுண்டு உணவும் நீரும் உட்கொண்டால், அதில் 5 பவுண்டு அளவு கண்ணுக்குத் தெரியாமலே உடலிலிருந்து ஆவியாகி வெளியேறுகிறது என்று கணக்கிட்டு, 1614-இல் நூலாக வெளியிட்டார். அவர் முடிவுகளுள் பல இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால், நலமாக இருக்கும் நாளிலும் உடலை அளந்து எழுதினால்தான் நோயுற்ற நாளின் மாறுதல் விளங்கும் என்பதை அவருடைய குறிப்புகள் உலகுக்குக் காட்டின.

உடலை அளக்கும் கருவி நாற்காலி அளவில் இருக்கும் வரையில் வீட்டார்க்கு அதனால் பயனில்லை. வெப்பமானியும் நெடுங்காலம் ஓரடி நீளமாக, அளவு காட்டுவதற்கு இருபது நிமிடம் கொள்வதாக இருந்தது. 1860-களில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆல்பட் என்ற மருத்துவர் அதனை ஆறு அங்குல நீளத்திற்குக் குறைத்தார். ஐந்து நிமிடத்தில் அது அளவு காட்டியது. அதே காலத்தில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்டர்லிக் என்பவர் ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தைக் குறித்து ஆராய்ந்து, 1868-இல் நூல் எழுதினார். காய்ச்சல் தனியொரு நோயன்று. பல நோய்களின் அடையாளம் என்பது அவர் நிலைநாட்டிய உண்மை. டைஃபாய்டில் வெப்பம் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். மலேரியாவின் ஒரு வகையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிருடன் வரும். இவ்வேறுபாட்டை ஒரு நாள் அளவு காட்டாது; பல நாள் குறிப்பே காட்டும். "நாலைந்து நாள்" என்று நான் சொன்ன விடையில் எத்தனை செய்திகள் அழிந்துபோயின என்று இதைப் படித்தபோது உணர்ந்தேன்.

நோயாளி தாமே எழுதத் தொடங்கியதற்கு நீரிழிவு நோய் பெருங்காரணமாயிற்று. வேதியியல் வகுப்பில் பெனடிக்ட் கரைசலைக் காய்ச்சிச் சர்க்கரைக்குச் சோதனை செய்திருப்பீர்கள். நீலநிறக் கரைசல், சர்க்கரை மிகுதியாகும் அளவுக்கேற்பப் பச்சையாகவும் மஞ்சளாகவும் செங்கல் நிறமாகவும் மாறும். இன்று பாடமாக உள்ள இச்சோதனையை ஒரு காலத்தில் நீரிழிவு நோயாளிகள் தம் வீட்டு அடுப்பங்கரையில், தம் சிறுநீரைக்கொண்டு செய்து, நிறத்தைக் குறித்து வைத்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜாஸ்லின், 1918-இல் நீரிழிவு பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். மருத்துவரும் நோயாளியும் ஒருங்கே பயன்படுத்துவதற்கு உரியது என்று அந்நூலின் தலைப்பே கூறியது. 1922-இல் இன்சுலின் மருந்து முதன்முதலாகக் கனடாவின் டொரான்டோ நகரில் ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. நாள்தோறும் வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டிய மருந்து வந்தபின், நாள்தோறும் வீட்டிலேயே குறிப்பெழுதுவதும் இன்றியமையாததாயிற்று.

எனினும் நோயாளியின் குறிப்பை மருத்துவ உலகம் எளிதில் மதித்துவிடவில்லை. ரிச்சர்டு பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கருக்குப் பன்னிரண்டாம் வயதில், 1946-இல் நீரிழிவு கண்டது. பின்னர் அவர் பொறியாளரானார். நோய் முற்றி உடல் நலிந்துவந்த நிலையில், 1969-இல், இரத்தத்தில் உள்ள சர்க்கரையை ஒரு நிமிடத்தில் அளக்கும் கருவியைப் பற்றிய விளம்பரத்தைக் கண்டார். மூன்று பவுண்டு எடையும் 650 டாலர் விலையும் கொண்ட அக்கருவி மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது. அவர் மனைவியார் மருத்துவராதலின், அவர் பெயரில் அதனை வாங்கினார். நாளில் பலமுறை அளந்து, உணவையும் மருந்தையும் அருகருகே எழுதி, ஒரு பொறியாளரின் பொறுமையுடன் ஏற்ற இறக்கத்தின் காரணங்களைக் கண்டுகொண்டார். உடல் தேறிற்று. தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதி மருத்துவ இதழ்களுக்கு அனுப்பினார், அவை ஏற்கவில்லை. சோர்ந்துவிடாமல், 1979-இல், தம் 45-ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார்! இன்று வீட்டிலேயே சர்க்கரையை அளந்து எழுதி வருமாறு மருத்துவர்களே கூறுகிறார்கள்.

தனி ஒருவர் செய்ததை ஒரு நாடு முழுவதும் செய்த வரலாறும் உண்டு. ஜப்பானில், போர் நடந்துகொண்டிருந்த 1942-ஆம் ஆண்டில், கருவுற்ற பெண்களுக்குச் சிறு கையேடு ஒன்று வழங்கப்பட்டது. அதைக் காட்டினால் பங்கீட்டுப் பொருள்கள் கூடுதலாகக் கிடைக்கும். போர் முடிந்தபின், 1948-இல், தாய்க்கும் குழந்தைக்கும் உரிய ஒரே கையேடாக அது விரிவுபெற்றது. மருத்துவர் எழுதுவதற்கும் தாய் எழுதுவதற்கும் அதில் இடம் உண்டு. அக்கையேடு மருத்துவமனையின் அலமாரியில் இல்லாமல் தாயின் கைப்பையில் இருந்தது. எந்த ஊர் மருத்துவரிடம் சென்றாலும் குழந்தையின் வரலாறு குழந்தையுடனே சென்றது.

ஆப்பிரிக்காவில் நைஜீரிய நாட்டின் இமேசி-இலே என்ற சிற்றூரில், 1950-களின் பிற்பகுதியில் டேவிட் மார்லி என்ற ஆங்கில மருத்துவர் பணிபுரிந்தார். அவர் குழந்தைகளுக்கு ஓர் அட்டை வகுத்தார். மாதந்தோறும் குழந்தையின் எடையைப் புள்ளியாகக் குறித்து, புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு உண்டாகும். கோடு ஏறினால் குழந்தை நலம். ஏறாமல் படுத்துவிட்டால், குழந்தை மெலிந்து தோன்றுவதற்கு முன்பே தீங்கு தெரிந்துவிடும். அந்த அட்டையை மார்லி உறையிலிட்டுத் தாய்மாரிடமே ஒப்படைத்தார். தாய்மார் அதைத் தொலைத்துவிடுவர் என்ற ஐயம் பொய்யாயிற்று. அவர்கள் அதனைப் போற்றிக் காத்தனர். நம் நாட்டிலும் இன்று தாய்க்கும் சேய்க்கும் உரிய நலக் குறிப்பு அட்டை தாயின் கையில் தரப்படுகிறது. ஆனால், தடுப்பூசிக் காலம் முடிந்ததும் அது பெட்டியின் அடியில் போய்விடுகிறது. குழந்தைக்கு இருக்கும் குறிப்பு பாட்டிக்கு இல்லை. மருந்துகள் மிகுதியாக உண்பவரோ பாட்டி!

திருக்குறளில் "மருந்து" என்ற அதிகாரத்தைப் படித்திருப்பீர்கள். அதன் இறுதிக் குறள், மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்கு உறுப்புகள் வகுக்கிறது. நோயாளியை அங்கே முதலில் வைத்தார் வள்ளுவர். அதற்கு முந்தைய குறள், நோயுற்றவரின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் அறிந்து மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறது. இம்மூன்று அளவுகளையும் மருத்துவர் தாமே அறிந்துகொள்வது எப்படி? சில நிமிடங்கள் மட்டுமே அவர் நோயாளியைக் காண்கிறார். எஞ்சிய பகலையும் இரவையும் கண்டவர் நோயாளியும் உடனிருப்பவருமே. அவர்கள் கூறினாலன்றி அவர் அறிய வழியில்லை. எழுதி வைத்தாலன்றி, மருத்துவரின் முன் அமர்ந்த பதற்றத்தில் அவர்களாலும் சரியாகக் கூற இயலாது.

இப்பணி உங்களுக்கே உரியது, மாணவர்களே. பல வீடுகளில் மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவரே. ஒரு குறிப்பேடு போதும். முதற் பக்கத்தில் பெயர், வயது, நெடுநாள் நோய்கள், செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் இப்போது உண்ணும் மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். அதன்பின் நாள்வாரியான குறிப்புகள் வரட்டும். மருந்தை உண்ணத் தவறிய நாளையும் மறைக்க வேண்டா. கல்வெட்டில் கண்டதையும் செவிவழிக் கதையையும் வரலாற்றாசிரியன் வேறு பிரித்து எழுதுவான். அதுபோல, "பாட்டிக்கு டைஃபாய்டு" என்று நீங்களே முடிவு கட்டி எழுதாதீர்கள், "இரவு எட்டு மணிக்கு 102 டிகிரி, இருமுறை வாந்தி" என்று கண்டதை எழுதுங்கள். முடிவு கூறுவது மருத்துவர் பணி. குறிப்பேட்டை நம்பி மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தீங்கு. ஒருவரின் உடல்நிலை அவருடைய சொந்தச் செய்தி. அவர் இசைவின்றிப் பிறர்க்குக் காட்டுவதும் முறையன்று.

என் அன்னையின் குறிப்பேடும் அப்படித்தான் தொடங்கிற்று. அதன் முதற் பக்கத்தில் சிவப்பு மையால் அந்த மருந்தின் பெயரை எழுதினேன். ஓராண்டு கழித்து, வேறோர் ஊரில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அம்மாவை முன்பின் அறியாத மருத்துவர், அப்பக்கத்தைப் பார்த்துவிட்டு வேறு மருந்து எழுதினார். பிறகு நாள்வாரிக் குறிப்பைப் படித்து, "இதையெல்லாம் எழுதியது யார்?" என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத என் அன்னை, "நான் சொன்னேன், என் மகன் எழுதினான்" என்றார். நான் செய்தது எழுத்தர் வேலை மட்டுமே. அந்த வரலாற்றின் ஆசிரியர் அவர்தாம்.

இப்போதும் மாலையில் குறிப்பேட்டை எடுக்கும்போது அவர் எனக்கு ஒன்றை நினைவூட்டுவார். "நோவை மட்டும் எழுதாதே அப்பா. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதையும் எழுது" என்பார். பாதுவா நகரப் பேராசிரியர் முப்பது ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து கண்ட உண்மை அதுவே. நான் அதையும் எழுதிவிடுகிறேன்.