நல்லூரில் ‘எம்மெல்லே’

திருப்பூர் நல்லூரில் ‘சட்டமன்ற உறுப்பினர்’ என்பது எழுதவும் படிக்கவும் உள்ள சொல். பேருந்து நிழற்குடையின் நெற்றியில் தொகுதி மேம்பாட்டு நிதியோடு சேர்த்து எழுதியிருப்பார்கள். மனுவின் முதல் வரியில் ‘மாண்புமிகு’வுக்குப் பின்னால் வரும். வாயில் வருவது ‘எம்மெல்லே’தான். “எம்மெல்லேகிட்டச் சொல்லியாச்சுங்க” என்று ஒருவர் சொன்னால், அது குடிதண்ணீராக இருக்கலாம், சாக்கடையாக இருக்கலாம், பட்டாவாகவோ கல்லூரி இடமாகவோ இருக்கலாம். ஒரு சட்டத்தைப் பற்றியதாக இருப்பது மிக அபூர்வம்.

அந்த மூன்று ஆங்கில எழுத்துகள் நம் மாகாண அரசியலில் நிலைபெற்றது 1937இல். 1920 தேர்தலில் வென்று சென்னை சபைக்குப் போனவர்கள் எம்.எல்.சி.க்கள், அப்போது இங்கே இருந்தது ‘கவுன்சில்’ மட்டுமே. எம்.எல்.ஏ. என்றால் அந்நாளில் டெல்லி மத்திய சட்டசபைக்காரர். கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் முதலில் சென்னையில் எம்.எல்.சி.; பிறகு டெல்லி சபைக்குப் போய் 1933இல் அதன் தலைவரானார். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணத்துக்கு இரண்டு அவைகளைக் கொடுத்தது. கீழவைக்கு 215 இடங்கள். அந்த இடங்களில் அமர்ந்தவர்களோடுதான் எம்.எல்.ஏ. என்ற பெயர் சென்னைக்கு வந்தது.

திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் இரண்டு காலத்தையும் கண்டவர். 1935 முதல் பத்தாண்டு டெல்லி சபையில் இருந்தார். 1946இல் சென்னை சட்டசபைக்கு வந்து கல்வி அமைச்சரானார். இரண்டு இடத்திலும் பட்டம் எம்.எல்.ஏ.தான், சபைதான் வேறு. அதே 1946இல் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தையும் முன்னின்று நடத்தியவர் அவர். கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954இல் முதல் தொகுதி கண்டது. உலக அறிவு முழுவதற்கும் தமிழில் பெயர் வைக்கும் அந்தப் பெரும்பணியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், அதுவும் ஒரு சட்டசபைக்காரர், தலைமை தாங்கியதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு.

இனி ‘உறுப்பினர்’. முந்தைய தலைமுறை ‘அங்கத்தினர்’ என்று எழுதியது. அங்கம் என்றால் உடலின் பகுதி. வடசொல்லை நீக்கித் தமிழ் வைத்தவர்கள் பொருளைத் தொடவில்லை. உறுப்பும் உடலின் பகுதிதான். ஆங்கிலத்தின் ‘மெம்பர்’ வந்த லத்தீன் வேருக்கும் கை, கால் என்பதே பொருள். அரசை ஓர் உடலாகக் காணும் பழைய பார்வை இந்த மூன்றிலும் உறைந்திருக்கிறது. அப்படியானால் நம் எம்.எல்.ஏ. எந்த உடலின் உறுப்பு? சொல் தரும் விடை தெளிவு: அவர் அவையின் உறுப்பு. தொகுதி அந்தச் சொல்லுக்குள் வரவே இல்லை.

தேர்தலும் வரவில்லை. தமிழ்நாட்டுப் பேரவையில் 234 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆங்கிலோ இந்தியர் சார்பில் ஒருவர் நெடுங்காலம் நியமிக்கப்பட்டார். யாரும் வாக்களிக்காத அவரும் உறுப்பினரே. 2020 ஜனவரியில்தான் அந்த நியமனம் முடிவுக்கு வந்தது. தேர்தலை நடத்தும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வாக்குச்சாவடி வரைக்கும் அவர் பிரதிநிதி, மக்களின் இடத்தில் நிற்பவர். கோட்டைக்குள் போனதும் உறுப்பினர்.

‘சட்டமன்றம்’ என்ற பாதியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மன்றம் பழஞ்சொல், ஊரார் கூடும் பொதுவிடம். சிலப்பதிகாரம் புகாரில் ஐவகை மன்றம் காட்டுகிறது. சட்டம் என்பதற்கோ மரச்சட்டம், ஏட்டில் எழுத்துப் பழகுவதற்கான மாதிரி, விதி என்று பல பொருள். சட்டாம்பிள்ளை அந்த வழியில் வந்தவர். காங்கிரஸ் காலத்துச் ‘சட்டசபை’ இன்றும் சில நாளிதழ்களின் தலைப்பில் உயிரோடு இருக்கிறது. அரசு ஆவணம் ‘சட்டமன்றப் பேரவை’ என்கிறது. முறைப்படி சட்டமன்றம் முழு அமைப்பு, பேரவை அதன் ஓர் அவை. எனவே மேலவை இருந்தவரை மேலவைக்காரரும் சட்டமன்றத்தில் உறுப்பினரே. 1986 நவம்பர் 1ஆம் தேதி மேலவை ஒழிந்தது. ‘சட்டமன்ற உறுப்பினர்’ என்றால் எம்.எல்.ஏ. மட்டுமே என்று குழப்பமில்லாமல் சொல்ல முடிவது அதற்குப் பிறகுதான்.

நல்லூர் தனி நகராட்சியாக இருந்து 2011இல் திருப்பூர் மாநகராட்சியில் சேர்ந்தது. நகர்மன்ற உறுப்பினர் போய் மாமன்ற உறுப்பினர் வந்தார். பேச்சில் அன்றும் கவுன்சிலர், இன்றும் கவுன்சிலர். ஊராட்சி முதல் நாடாளுமன்றம் வரை ‘உறுப்பினர்’ என்ற பின்பாதி ஒன்றாகவே இருப்பதால், யார் எந்த வேலைக்கு என்பதை அந்தச் சொல்லை வைத்து ஊர் பிரித்தறிய முடிவதில்லை. ஆங்கிலப் பெயர்கள் பிரித்துக் காட்டுகின்றன. அவை நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இங்குள்ள பனியன் கம்பெனிகளில் இன்னொரு சொல்லும் கேட்கலாம். பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ‘விதாயக்’ என்பார்கள். ஒடிசாக்காரர் வாயில் அது ‘பிதாயக’. விதிப்பவர் என்று பொருள்; நம் ‘விதி’யும் அதே வேரில் பிறந்தது. கன்னடம் ‘சாசக’ என்கிறது, ஆணையிடுபவர். மலையாளத்தின் ‘நியமசபாங்கம்’ நம்மைப் போலவே அங்கத்தில் நிற்கிறது. வடக்கிலும் கன்னடத்திலும் உள்ள சொல் அவர் செய்யும் வேலையைச் சொல்கிறது. நம் சொல் அவர் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. வேலையைச் சொல்லும் சொல் நமக்கு வாய்க்காமல் போனது ஓர் இழப்பென்றே எனக்குப் படுகிறது.

2023 ஏப்ரல் 21 அன்று அந்த வேலை என்னவென்று இந்த ஊருக்கு நேராகவே தெரிந்தது. தொழிற்சாலைகள் சட்டத்துக்கான திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது. வேலை நேரம், ஓய்வு, கூடுதல் நேரத்துக்கான கூலி பற்றிய பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்க அது வழி செய்தது. நாளொன்றுக்கு 12 மணி நேர வேலை என்பதே அதன் சாரம். திருப்பூரில் 12 மணி நேரத்துக்குச் சொல்லே இருக்கிறது: ஒன்றரை ஷிப்ட். ஆனால் எட்டு மணி நேரத்தைத் தாண்டிய அரை ஷிப்டுக்குத் தனிக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கையே தொடும் மசோதா இது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்று நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது; மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

நல்லூரில் பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கும் பீகார் தொழிலாளியின் வேலை நேரமும் அந்த மசோதாவில் அடங்கியிருந்தது. அவருடைய விதாயக் பாட்னாவில் இருக்கிறார். அங்கே நிறைவேறும் எந்தச் சட்டமும் இந்தக் கம்பெனியின் வாசலைத் தாண்டாது. வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் வாக்காளராகப் பெயர் சேர்க்க 1950ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இங்கே குடும்பத்தோடு வாழ்ந்து பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டவர்கள் அந்த உரிமையைக் கேட்டால், அவர்களும் ‘நம்ம எம்மெல்லே’ என்று சொல்வதை நான் முழு மனதோடு வரவேற்பேன்.