அப்பாவின் லேத்தும் இரண்டு மூட்டை மணலும்

கோயமுத்தூரில் அப்பாவின் கடைசல் பட்டறையை மூடியபோது, சின்ன லேத்தை மட்டும் பெங்களூருக்குக் கொண்டு வந்தேன். லாரியில் ஏற்றும்போது தகர ஸ்டாண்டுக்குள் இரண்டு மூட்டை அளவுக்கு மணல். "இது எதுக்குங்க வெட்டிச் சுமை?" என்றார் ஏற்றுகிறவர். "கொட்டிடுங்க" என்றேன். அப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

இங்கே இரண்டாவது மாடி. மோட்டாரைப் போட்ட முதல் நாளே கீழ்வீட்டு அஜ்ஜி மேலே வந்துவிட்டார். ஸ்பாஞ்ச் ஷீட் வாங்கி நான்கு காலுக்கும் வைத்தேன். சத்தம் குறைந்தது, ஆனால் லேத் ஆட ஆரம்பித்தது. கடைந்த தண்டில் மீன் செதில் மாதிரி வரிகள். அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பெரிய கதையாக இருந்தது.

பழைய லேத்களின் படுகை மரம். மரம் அதிர்வை நன்றாக விழுங்கும். ஆனால் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வளையும். 1800 வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே முழுக்க உலோகத்தால் திருகு வெட்டும் லேத் செய்தார். அதற்குப் பிறகு வார்ப்பிரும்பின் காலம். அதில் கார்பன், மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடக்கும். அதிர்வு வரும்போது அங்கேயே உராய்ந்து வெப்பமாகிவிடும். எஃகுத் துண்டைத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும், வார்ப்பிரும்பு 'தொப்' என்று அடங்கும். நம்ம ஊர் பவுண்டரிக்காரர்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும்.

முதல் உலகப்போரில் (1914-18) பீரங்கிக் குண்டு கடைய அவசரமாக லேத்கள் வேண்டியிருந்தன. அமெரிக்காவில் லூசியன் யோமன்ஸ் என்பவர் கான்கிரீட்டிலேயே உடம்பை வார்த்தார்! 1970களில் சுவிட்சர்லாந்தின் ஸ்டூடர் கம்பெனி கிரானைட் கல்லை எபாக்சி பிசினில் குழைத்து, 'கிரானிட்டான்' என்ற பெயரில் இயந்திரப் படுகை வார்த்தது. இந்த வகைக் கலவை வார்ப்பிரும்பை விடப் பல மடங்கு அதிர்வை அடக்கும்.

இதையெல்லாம் படித்தபோதுதான் உறைத்தது. தகர ஸ்டாண்டுக்குள் மணல் போட்ட அப்பா செய்ததும் இதே வேலைதான். மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடும். அதைத்தான் வெட்டிச் சுமை என்று கொட்டினேன்.

என் இன்னொரு தப்பும் புரிந்தது. அதிர்வை அடக்குவது வேறு, தரைக்குப் போகாமல் தடுப்பது வேறு. மணலும் வார்ப்பிரும்பும் முதல் வேலைக்கு. காலடி ரப்பர் இரண்டாவதற்கு. அந்த ரப்பருக்கும் கணக்கு உண்டு. 1440 ஆர்.பி.எம். மோட்டார் என்றால் விநாடிக்கு 24 சுற்று. ரப்பர் மேல் நிற்கும் லேத்தின் இயல்பு அதிர்வெண் 17-க்குக் கீழே இருந்தால்தான் தடுப்பு ஆரம்பிக்கும். அதற்கு மேலே 24-ஐ நெருங்கினால் அதிர்வைக் கூட்டித்தான் விடும். லேத்தின் கனத்தில் ரப்பர் 3 மி.மீ. அமுங்கினால் ஏறக்குறைய 9-க்கு வரும். கல்லு மாதிரி அமுங்காத ரப்பரும் வேஸ்ட், சப்பையாகிப் போகும் ஸ்பாஞ்சும் வேஸ்ட். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். லேத்துக்கு நைட்ரைல்தான் சரி.

பீன்யாவில் நைட்ரைல் பேட் வாங்கினேன். அடியில் பேட், மேலே சமையல் மேடையில் மிச்சமான தடித்த கிரானைட் பலகை, அதன்மேல் ஸ்டாண்ட். ஸ்டாண்டுக்குள் வெயிலில் நன்றாகக் காயவைத்த மணல் (ஈரம் இருந்தால் தகரம் துருப்பிடிக்கும்). வரிகள் போய்விட்டன. அஜ்ஜி மேலே வந்து மாதக்கணக்காகிறது :-)

மணலை அள்ளிப் போடும்போது ஒன்று தோன்றியது. பட்டறையில் அப்பா செய்த எத்தனையோ காரியத்துக்கு 'எதுக்குப்பா?' என்று நான் ஒருநாளும் கேட்டதே இல்லை. இப்போது ஒவ்வொன்றாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.