மானிப்பாய் தந்த பாடம்

தொழிற்கூடத்திலோ கல்விக்கூடத்திலோ ஒரு பிழை நேர்ந்தால், "யார் செய்தது?" என்று கேட்பதே நம்மிடையே வழக்கம். "எந்த ஏற்பாடு இப்பிழைக்கு இடந்தந்தது?" என்று கேட்போர் சிலரே. அவ்வாறு கேட்ட ஒருவரின் வரலாறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் உண்டு.

அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். வாந்திபேதியும் அம்மையும் ஊர்களைச் சூறையாடிய காலம் அது. தனியொரு மருத்துவரால் ஆகக்கூடியது சிறிதே என உணர்ந்து, 1848இல் உள்ளூர் இளைஞருக்கு மேலைநாட்டு மருத்துவம் கற்பிக்கலானார். வட்டுக்கோட்டையில் தொடங்கிய வகுப்பு மானிப்பாயில் நிலைபெற்றது. கிராமங்களுக்கு மருத்துவரை அளிப்பது நோக்கம், பயிற்றுமொழியோ ஆங்கிலம்.

விளைந்தது வேறு. ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் அதன் சம்பளத்தையும் நாடினர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது நம் பழமொழியல்லவா? செலவிட்ட உழைப்பெல்லாம் கிராமத்தைப் பொறுத்தவரை வீணாயிற்று.

மாணவரை நன்றிகெட்டவர் என்று பழித்திருக்கலாம், அது எளிது. கிறீனோ பழுதைத் தம் ஏற்பாட்டிலேயே கண்டார். உத்தியோகத்தின் திறவுகோலைக் கையிற் கொடுத்துவிட்டு, கதவைத் திறக்காதே என்பது எவ்வாறு பொருந்தும்? 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்ட அவர், 1864இல் தமிழிலேயே வகுப்பைத் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இலே, அதுவும் ஆங்கிலத்திலே.

தமிழிற் கற்பிக்க நூல்கள் வேண்டும். 1852இலேயே 'அங்காதிபாதம்' வெளிவந்திருந்தது. பின்னர் 'இரணவைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875) முதலியன தொடர்ந்தன. இவை ஒருவரின் சாதனை அல்ல. சாப்மன், டன்வர்த் என மிஷன் பெயர் தாங்கிய யாழ்ப்பாணத் தமிழர் மொழிபெயர்க்க, கிறீன் பார்வையிட்டுத் திருத்தினார். தமிழில் தக்க சொல் அகப்படாதபோது வடமொழியையும், அதுவும் உதவாதபோது தமிழ் ஒலியேற்ற ஆங்கிலச் சொல்லையும் கையாண்டனர். 'கெமிஸ்தம்' என்னும் பெயரே அதற்குச் சான்று. நேற்றைய மாணவன் இன்று நூலாக்கத்தில் பங்காளியானான். மனிதரை மதித்தல் என்பது இனிய சொல் வழங்குவதன்று; அறிவை உருவாக்கும் உரிமையைப் பகிர்வதே ஆகும்.

1873இல் அவர் நாடு திரும்புமுன் பயிற்சி பெற்றோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிற் பயின்றவர்.

மதம் பரப்புதலும் கிறீனின் நோக்கமே. அதை மறைக்க வேண்டுவதில்லை. அவருக்குப் பின் தமிழ் மருத்துவ வகுப்பு நிலைக்கவுமில்லை. அரசும் உத்தியோகமும் ஆங்கிலத்தின் பிடியில் இருக்கையில், ஒரு வகுப்பறை மட்டும் திருந்தி நெடுநாள் தனித்து வாழ்தல் அரிது. ஏற்பாட்டின் பிழையை ஆராயப் புகுந்தால், அந்த ஆராய்ச்சி சமுதாய அமைப்பின் வாயில்வரை செல்லவே வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானின் டொயோட்டா ஆலையில், பழுதைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தலாம் என்ற முறை வந்தது. உலக முதலாளிகள் அதை வியந்து பயின்றனர். ஆனால் நிறுத்தும் உரிமை பெற்றவனுக்கு, விளையும் இலாபத்தை யாருக்குப் பங்கிடுவது என்று கேட்கும் உரிமை உண்டா? மதிப்பின் உரைகல் அதுவே.

ஆசிரியத் தோழர்களே! ஒரு வகுப்பே தேர்வில் தவறும்போது, பிரம்பைத் தேடுமுன் நம் பாடத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்போமா?